சென்சார் பார்க்கும் ஒளி மட்டுமே நிலைக்கும்: நிறமானி எல்இடியின் பின்னூட்டச் சுற்று, ஒரு நிகழ்வு ஆய்வு

தண்ணீரில் இரும்பு எவ்வளவு என்று பார்க்க 1,10-பினாந்த்ரோலின் முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஹைட்ராக்சிலமீன் சேர்த்து இரும்பு முழுவதையும் ஃபெரஸ் நிலைக்குக் கொண்டுவந்து பினாந்த்ரோலின் விட்டால் ஆரஞ்சுச் சிவப்பு நிறம் எழும். அந்த நிறம் 510 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கும். எவ்வளவு விழுங்கியது என்று அளக்கப் பெரிய ஸ்பெக்ட்ரோமீட்டர் தேவையில்லை. ஒரு பக்கம் பச்சை எல்இடி, நடுவில் 1 சென்டிமீட்டர் குவெட் (கரைசல் ஊற்றும் தெளிவான சிறு கலம்), மறுபக்கம் ஒளி டயோடு இருந்தால் நிறமானி தயார். முதலில் பிளாங்க் (இரும்பு இல்லாத கரைசல்) வைத்து ஒரு அளவு, பிறகு மாதிரி வைத்து ஓர் அளவு. இரண்டின் விகிதத்துக்கு லாக் எடுத்தால் அப்சார்பன்ஸ்.

இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையில் எல்இடி ஒரே ஒளியைத் தந்தாக வேண்டும். அது தருவதில்லை. அதைத் தரவைக்கும் சுற்றை, மதிப்புகளோடும் அது கெட்டுப்போகும் வழிகளோடும் இங்கே பிரித்துப் பார்க்கிறோம்.

எவ்வளவு ஒளி நழுவினால் எவ்வளவு இரும்பு நழுவும்

பச்சை எல்இடியின் ஒளி ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.2 முதல் 0.3 சதவீதம் குறையும். சிவப்பு, ஆம்பர் எல்இடிகள் இன்னும் மோசம். 10 மில்லிஆம்பியரில் 3.2 வோல்ட் என்றால் எல்இடிக்குள் 32 மில்லிவாட் சூடாகிறது. 5 மில்லிமீட்டர் எல்இடிக்கு வாட்டுக்கு 250 டிகிரி என்று வைத்தால், சுவிட்ச் போட்ட பின் உள்ளே 8 டிகிரி ஏறும். அது மட்டுமே 2 சதவீத இறக்கம். காலையில் அளந்த பிளாங்க்கை வைத்துக்கொண்டு மதியம் வரை மாதிரி பார்த்தால், அறைச் சூட்டையும் சேர்த்து 15 டிகிரி மாறுவது சாதாரணம். 15 டிகிரிக்கு 3.75 சதவீதம்.

லாக் எடுத்துப் பார்த்தால் 3.75 சதவீதம் என்பது 0.0166 அப்சார்பன்ஸ். லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்பு, 510 நானோமீட்டரில் 1 சென்டிமீட்டர் குவெட்டில் தருவது ஏறத்தாழ 0.2. ஆகவே 0.3 மில்லிகிராம் மாதிரி தரும் 0.06-க்குள் 0.0166 பொய். கால் பங்குக்கும் மேல்.

முதல் மருந்தாக எல்லோரும் எடுப்பது எல்எம்317 வைத்த நிலை மின்னோட்டச் சுற்று. அது மின்னோட்டத்தைத்தான் நிறுத்தும், ஒளியை அல்ல. 10 மில்லிஆம்பியர் அசையாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடான எல்இடி மங்கிக்கொண்டிருக்கும். ஒளியையே அளந்து, அந்த அளவை வைத்து மின்னோட்டத்தை ஏற்றி இறக்குவதுதான் வழி. இதுதான் பின்னூட்டம்.

ஒரு மாற்று வழியையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கருவியில் மைக்ரோகண்ட்ரோலர் இருந்து, இரண்டு ஏடிசி வழிகள் (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் உள்ளீடுகள்) மிச்சம் இருந்தால், கண்காணிப்பு டயோடின் (எல்இடியின் ஒளியை மாதிரிக்கு முன்பே பார்க்கும் இரண்டாவது ஒளி டயோடு) அளவால் மாதிரி அளவை வகுத்துவிட்டால் போதும், பின்னூட்டமே வேண்டாம். பின்னூட்டச் சுற்று தேவைப்படுவது ஒளியே மாறாமல் இருக்க வேண்டிய இடத்தில்: மீட்டர் முள்ளை நேராக ஓட்டும் கருவி, படச்சுருளை ஸ்கேன் செய்யும் விளக்கு, கேமரா ஆய்வு விளக்கு போன்றவை. இங்கே எடுத்திருப்பது ப்ராசசர் இல்லாத நிறமானி.

சுற்று

மின்சாரம் 9 வோல்ட் அடாப்டரிலிருந்து 7805 ரெகுலேட்டர் வழியாக 5 வோல்ட். அதில் எல்லாமே ஓடும். ஆப்-ஆம்ப் (இரண்டு உள்ளீடுகளின் வேறுபாட்டைப் பெருக்கும் சிப்) எம்சிபி6002, ஒரே உறையில் இரண்டு. இதன் மின்னழுத்த வரம்பு 6 வோல்ட்தான், 9 வோல்டை நேராகக் கொடுத்தால் போய்விடும்.

கண்காணிப்பு டயோடு பிபிடபிள்யூ34. பரப்பு 7.5 சதுர மில்லிமீட்டர், விலை குறைவு, எங்கும் கிடைக்கும். கேதோடை முதல் ஆப்-ஆம்பின் மைனஸ் உள்ளீட்டிலும் ஆனோடைக் கிரவுண்டிலும் சால்டர் செய்ய வேண்டும்; பிளஸ் உள்ளீடும் கிரவுண்டுக்கு. வெளியீட்டிலிருந்து மைனஸுக்கு 100 கிலோ ஓம், அதன் மேல் 1 நானோஃபாரட். 20 மைக்ரோஆம்பியர் ஒளி மின்னோட்டம் வந்தால் வெளியீடு 2.0 வோல்ட். இதைப் புள்ளி 1 என்று வைப்போம்.

ரெஃபரன்ஸுக்கு, அதாவது ஒப்பிட ஒரு நிலையான மின்னழுத்தத்துக்கு, டிஎல்431. அதன் ரெஃபரன்ஸ் காலையும் கேதோடையும் ஒன்றாக இணைத்து, 5 வோல்டிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஊட்டினால் 2.5 வோல்ட் நிற்கும். 1 மில்லிஆம்பியருக்குக் குறைந்தால் டிஎல்431 நிலையாக நிற்காது. இங்கே 2 மில்லிஆம்பியருக்கு மேல் கிடைப்பதால் கவலையில்லை. அந்த 2.5 வோல்டை மேலே 1.5 கிலோ ஓம், நடுவில் 2 கிலோ ஓம் பல-சுற்று பிரீசெட் (திருகி மாற்றும் மின்தடை), கீழே 5.6 கிலோ ஓம் என்று பிரித்தால், பிரீசெட்டின் நடுக்கால் 1.54 முதல் 2.09 வோல்ட் வரை நகரும். இது புள்ளி 2, நாம் கேட்கும் ஒளியின் அளவு. முழு 10 கிலோ பிரீசெட் ஒன்றையே போடலாமே என்று தோன்றும். அப்படிப் போட்டால் ஒரு சுற்றுக்கு நகரும் வோல்ட் அதிகம்; திருகும்போது தாண்டித் தாண்டிப் போகும்.

இரண்டாவது ஆப்-ஆம்ப் இன்டக்ரேட்டர்: உள்ளீடுகளின் வேறுபாட்டை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போகும். பிளஸ் உள்ளீட்டில் புள்ளி 2. மைனஸ் உள்ளீட்டுக்குப் புள்ளி 1-லிருந்து 100 கிலோ ஓம். மைனஸுக்கும் வெளியீட்டுக்கும் இடையில் 100 நானோஃபாரட் பாலியஸ்டர் கெப்பாசிட்டர். அதன் வெளியீடு, அதாவது புள்ளி 3, 1 கிலோ ஓம் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு 100 ஓம். கலெக்டருக்கும் 5 வோல்டுக்கும் நடுவே எல்இடி.

100 ஓம் ஏன் என்பது கவனிக்க வேண்டியது. 10 மில்லிஆம்பியரில் எமிட்டரில் 1.0 வோல்ட், எல்இடியில் 3.2 வோல்ட், டிரான்சிஸ்டருக்கு மிச்சம் 0.8 வோல்ட். மின்னோட்டம் ஏற ஏற அந்த மிச்சம் கரைந்து, 16 மில்லிஆம்பியர் அருகே டிரான்சிஸ்டர் முழுவதும் திறந்துவிடும். அதற்கு மேல் கலெக்டர் வழியாக ஏறாது. ஒளி டயோடின் கம்பி அறுந்து சுற்று முழு வேகத்தில் எல்இடியை ஓட்டினாலும் எல்இடி கருகாது. சென்சார் செத்தால் விளக்கு முழுப் பிரகாசத்துக்குப் போவது இந்த வகைச் சுற்றின் பிறவிக் குணம். அதற்கு வேலி இந்த ரெசிஸ்டர்தான். 1 வாட், 3 வாட் எல்இடிக்கு இதே சுற்றைப் பெரிதாக்குகிறவர்கள் வேலியை மறந்து, முதல் முறை கனெக்டர் கழன்றதும் எல்இடியை இழக்கிறார்கள்.

வேகம்: கணக்கு சிறியது, விளைவு பெரியது

புள்ளி 3-இல் 1 வோல்ட் ஏறினால் எல்இடியில் 10 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக ஏறும். 10 மில்லிஆம்பியர் புள்ளி 1-இல் 2 வோல்ட் தரும். ஆக எல்இடி, ஒளி டயோடு, இன்டக்ரேட்டர், மறுபடி எல்இடி என்று சுற்றும் வளையத்தில், இன்டக்ரேட்டரை விட்டுவிட்டால், பெருக்கம் ஏறத்தாழ 2. இன்டக்ரேட்டரின் 100 கிலோ ஓமும் 100 நானோஃபாரடும் சேர்ந்து 10 மில்லிசெகண்ட். இரண்டையும் வைத்துப் பார்த்தால் வளையம் 32 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். ஒரு மாற்றத்தைச் சரிசெய்யும் கால மாறிலி 5 மில்லிசெகண்ட். முதல் ஆப்-ஆம்பின் 100 கிலோ ஓம், 1 நானோஃபாரட் 1600 ஹெர்ட்ஸில்தான் தாமதம் தர ஆரம்பிக்கும். நடுவில் ஐம்பது மடங்கு இடைவெளி. ஆடவே ஆடாது.

இந்த இடைவெளியைத் தெரியாமல் அடைத்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. புள்ளி 1-இல் கொஞ்சம் இரைச்சல் தெரிகிறது என்று 1 நானோஃபாரடை எடுத்துவிட்டு 100 நானோஃபாரட் போடுவார்கள். இப்போது சென்சார் பக்கமும் 10 மில்லிசெகண்ட் தாமதம், இன்டக்ரேட்டர் பக்கமும் 10 மில்லிசெகண்ட். கணக்குப் போட்டால் சுவிட்ச் போடும் ஒவ்வொரு முறையும் வெளிச்சம் கேட்ட அளவைத் தாண்டி எகிறி, 21 ஹெர்ட்ஸில் சில முறை துடித்து அடங்கும். ஆஸிலோஸ்கோப் இல்லாவிட்டால் கைபேசியின் மெதுவோட்டக் காணொளியில் அந்தத் துடிப்பைப் பிடிக்கலாம். இரைச்சலைக் குறைக்க வேண்டுமானால் இன்டக்ரேட்டரை மெதுவாக்குங்கள், சென்சாரை அல்ல. மெதுவான பாகம் வளையத்தில் ஒன்றுதான் இருக்கலாம்.

எல்டிஆர் (ஒளி பட்டால் மின்தடை குறையும் பாகம்) வைத்துச் செய்யும் சுற்றுகள் ஊசலாடுவதும் இதே காரணத்தால். ஜிஎல்5528 போன்ற எல்டிஆரின் பதில் நேரம் 20, 30 மில்லிசெகண்ட். இருட்டுப் பக்கம் திரும்பும்போது இன்னும் இழுக்கும். ஒளிக்கும் மின்தடைக்கும் நேர்கோட்டு உறவும் இல்லை. மங்கலில் ஒரு பெருக்கம், பிரகாசத்தில் வேறு பெருக்கம். போதாததற்கு அது முந்தைய வெளிச்சத்தை நினைவில் வைத்திருக்கும். இரவெல்லாம் இருட்டில் கிடந்த எல்டிஆர் காலையில் ஒரு மதிப்பும், ஒரு மணி நேரம் வெளிச்சம் பார்த்த பின் வேறு மதிப்பும் சொல்லும். தெருவிளக்கை மாலையில் போட அது போதும். அளக்கும் வேலைக்கு ஆகாது.

கண்ணாடித் துண்டு

ஒளி டயோடை எங்கே வைப்பது? எல்இடியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுவது எளிது. ஆனால் பக்கவாட்டில் கசியும் ஒளியும், லென்ஸ் வழியே குவெட்டுக்குப் போகும் ஒளியும் ஒரே விகிதத்தில் மாறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எல்இடி ஹோல்டரில் ஒரு மயிரிழை அசைந்தாலே விகிதம் மாறும். குவெட்டுக்குப் போகும் கதிரிலிருந்தே ஒரு பங்கை எடுப்பதுதான் சரி.

அதற்கு நுண்ணோக்கி ஸ்லைடு ஒன்று போதும். எல்இடிக்கு முன் 3 மில்லிமீட்டர் துளை, அதைத் தாண்டி 45 டிகிரியில் ஸ்லைடு. கண்ணாடியின் இரண்டு முகங்களும் தலைக்கு 5 சதவீதம் என்று மொத்தம் 10 சதவீத ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும். அங்கே பிபிடபிள்யூ34. மீதி நேராகக் குவெட்டுக்குப் போகும். 1 மில்லிமீட்டர் ஸ்லைடு கதிரை மூன்றில் ஒரு மில்லிமீட்டர் பக்கமாக நகர்த்தும். குவெட் துளையை அதற்கேற்பப் போட வேண்டும்.

இனிமேல்தான் விஷயம். குவெட்டின் முன்சுவரும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பும். அது ஸ்லைடில் பட்டு டயோடுக்கு எதிர்ப்பக்கம் போகும். அந்த எதிர்ப்பக்கச் சுவர் பளபளப்பாக இருந்தால், ஒளி மறுபடி திரும்பி, ஸ்லைடை ஊடுருவி டயோடில் விழும். அப்போது குவெட் வைத்திருக்கிறதா, காலியா, சுத்தமா, கை ரேகை படிந்ததா என்பதைப் பொறுத்துக் கண்காணிப்பு டயோடு பார்க்கும் ஒளி மாறும். வளையமும் கீழ்ப்படிந்து எல்இடியைக் குறைக்கும். மாதிரியே விளக்கை மாற்றிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது.

ஏன் தெரியாது என்றால், எல்லோரும் மீட்டரைப் புள்ளி 1-இல் வைத்துப் பார்க்கிறார்கள். அது 2.000 வோல்ட் காட்டும். குவெட்டை எடு, 2.000. எல்இடியை ஹேர் டிரையரால் சூடாக்கு, 2.000. டயோடின் மேல் தூசி படியட்டும், 2.000தான். புள்ளி 1-ஐப் புள்ளி 2-க்குச் சமமாக்குவது மட்டுமே வளையத்துக்குத் தெரிந்த வேலை. அதை அது தப்பாமல் செய்யும். ஒளி உண்மையில் என்ன ஆனது என்று அந்த எண்ணில் ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டியது புள்ளி 3. 10 மில்லிஆம்பியரில் அங்கே 1.7 வோல்ட் இருக்கும்: எமிட்டரில் 1.0, பேஸ்-எமிட்டரில் 0.65, பேஸ் ரெசிஸ்டரில் 0.05.

ஆகவே சோதனை இப்படி. குவெட் இல்லாமல் புள்ளி 3-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். காலிக் குவெட், தண்ணீர் நிரப்பிய குவெட், அடர்ந்த நிறக் கரைசல் நிரப்பிய குவெட் என்று ஒவ்வொன்றாக வையுங்கள். புள்ளி 3 அசையவே கூடாது. 1 மில்லிவோல்ட் அசைவு என்பது ஏறத்தாழ 0.01 மில்லிஆம்பியர், அதாவது 0.1 சதவீத ஒளி. 10 மில்லிவோல்ட் குதித்தால் 1 சதவீதம்; திரும்பும் ஒளி டயோடைத் தொடுகிறது. எதிர்ப்பக்கச் சுவரில் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டினால் பெரும்பாலும் தீரும்.

வெளி வெளிச்சம்

பிபிடபிள்யூ34 கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில்தான் கூர்மை. 900 நானோமீட்டர் அருகே உச்சம். வெயில் வந்தால் பச்சை எல்இடியைவிட வெயிலைத்தான் அதிகம் பார்க்கும். 1 சதவீதம் வெளி ஒளி உள்ளே கசிந்தால் எல்இடி 1 சதவீதம் குறைக்கப்படும்.

கசிவது மின்விளக்கின் ஒளியாக இருந்தால் விளைவு கொஞ்சம் விசித்திரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் மலிவு விளக்குகள் 100 ஹெர்ட்ஸில் துடிக்கும். நம் வளையம் 32 ஹெர்ட்ஸ் வரைதான் என்றாலும், 100 ஹெர்ட்ஸில் அது முழுவதும் தூங்கிவிடுவதில்லை. அந்தத் துடிப்பில் 30 சதவீதத்தைத் தலைகீழாக எல்இடியில் ஏற்றிவிடும். மாதிரிப் பக்கத்தில் திடீரென்று 100 ஹெர்ட்ஸ் அலை தெரிந்தால் ஆப்-ஆம்பைச் சந்தேகிக்காமல் அறை விளக்கை அணைத்துப் பாருங்கள்.

பெட்டி கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது. சில கறுப்பு பிளாஸ்டிக்குகள் அகச்சிவப்பை நன்றாகவே விடும். 3டி அச்சில் மெல்லிய சுவரோடு வார்த்த பெட்டியில் வெளியே அலுமினிய டேப் சுற்றினால் நல்லது. பிபிடபிள்யூ34-இன் உறை கண்ணாடி போல் தெளிவானது. பின்பக்கத்திலிருந்தும் ஒளி நுழையும். அதன் முதுகிலும் டேப் வேண்டும்.

இருட்டுப் பெட்டி சாத்தியமே இல்லை என்றால் இன்டக்ரேட்டரில் 330 கிலோ ஓமும் 1 மைக்ரோஃபாரடும் போட்டு வளையத்தை 1 ஹெர்ட்ஸுக்கு இறக்கலாம். சூட்டால் வரும் நழுவல் நிமிடக் கணக்கில் வருவதுதான். 1 ஹெர்ட்ஸ் அதற்குத் தாராளம். 100 ஹெர்ட்ஸ் துடிப்பு எல்இடியில் ஏறுவது 1 சதவீதத்துக்கு வந்துவிடும். ஆனால் நிலையான வெளி ஒளிக்கு இது மருந்தல்ல.

1 மைக்ரோஃபாரட் என்றதும் எலக்ட்ரோலிட்டிக்கைத் தேடக் கூடாது. அதன் கசிவு மின்னோட்டம் 0.1 மைக்ரோஆம்பியர் என்றாலே 330 கிலோ ஓமில் 33 மில்லிவோல்ட். 2 வோல்டில் அது 1.6 சதவீதப் பிழை. கசிவோ சூட்டோடு மாறும். இன்னொன்று, சாதாரண நிலையில் புள்ளி 3 (1.7) புள்ளி 2-ஐ (2.0) விடக் கீழே இருப்பதால் கெப்பாசிட்டரின் துருவமும் எதிர்பார்த்ததற்கு மாறாகத் தலைகீழாகும். பாலியஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன்தான் இங்கே.

பூட்டும் வரிசை

எல்லாவற்றையும் சால்டர் செய்துவிட்டு ஒரே மூச்சில் மின்சாரம் கொடுத்தால், ஓடாதபோது எங்கே தேடுவது என்று தெரியாது. வளையத்தைத் திறந்து வைத்துத் தொடங்குவது நல்லது.

இன்டக்ரேட்டர் வெளியீட்டிலிருந்து போகும் 1 கிலோ ஓமின் ஒரு காலைத் தூக்கிவிட்டு, அந்தக் காலை வேறொரு 10 கிலோ பிரீசெட்டின் நடுக்காலில் கொடுங்கள். பிரீசெட்டின் மற்ற இரண்டு கால்கள் 5 வோல்டிலும் கிரவுண்டிலும். எமிட்டரில் 1.0 வோல்ட் வரும்வரை திருகினால் எல்இடியில் 10 மில்லிஆம்பியர். இப்போது புள்ளி 1-ஐ அளவுங்கள். 1.6 முதல் 2.0 வோல்டுக்குள் இருந்தால் முதல் ஆப்-ஆம்பின் 100 கிலோ ஓம் பொருத்தம். 5 வோல்டில் முட்டி நின்றால் ஒளி அதிகம். 47 அல்லது 33 கிலோ ஓமுக்கு இறங்குங்கள். 1 வோல்டுக்குக் கீழே என்றால் முதலில் ஸ்லைடின் கோணத்தைப் பாருங்கள், பிறகுதான் ரெசிஸ்டரைக் கூட்டுங்கள். எல்இடியை விரலால் மறைத்தால் புள்ளி 1 சில மில்லிவோல்டுக்கு இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் அது வெளி ஒளியின் அளவு.

பெட்டியை மூடிய நிலையில் புள்ளி 1 காட்டும் அளவையே புள்ளி 2-இலும் வைத்துவிட்டு வளையத்தை மூடுங்கள். இப்போது ஒரு டார்ச்சைக் கண்காணிப்பு டயோடின் மேல் அடித்தால் எல்இடி மங்க வேண்டும். டயோடை மறைத்தால் எல்இடி பிரகாசிக்க வேண்டும். மாறாக டார்ச் அடித்ததும் எல்இடி முழுவதும் எரிந்து அப்படியே மாட்டிக்கொண்டால், இன்டக்ரேட்டரின் இரண்டு உள்ளீடுகளும் இடம் மாறியிருக்கின்றன. டார்ச்சுக்கும் விரலுக்கும் எதற்கும் அசையாமல் எல்இடி முழுவதும் எரிந்தால், ஒளி டயோடு தலைகீழ். அப்போது முதல் ஆப்-ஆம்ப் மைனஸ் பக்கம் போகப் பார்த்து, போக வழியில்லாமல் பூஜ்யத்தில் நிற்கும். வளையம் இருட்டு என்று நினைத்து எல்இடியை விரட்டும்.

கிரவுண்டு கம்பி ஒரு சின்ன விஷயம்தான், ஆனால் பிரெட்போர்டில் கடிக்கும். எல்இடியின் 10 மில்லிஆம்பியரும் டிஎல்431-இன் கிரவுண்டும் ஒரே மெல்லிய கம்பியில் போனால், 0.5 ஓமில் 5 மில்லிவோல்ட் விழும். கேட்கும் அளவே 0.25 சதவீதம் நகரும். எமிட்டர் ரெசிஸ்டரின் கிரவுண்டை 7805-இன் காலுக்கே தனிக் கம்பியில் கொண்டுபோங்கள்.

முட்டி நிற்கும் இன்டக்ரேட்டர்

டயோடை மறைத்துவிட்டோம், எல்இடி 16 மில்லிஆம்பியரில் முட்டி நிற்கிறது. ஆனால் இன்டக்ரேட்டர் அங்கே நிற்காது. புள்ளி 3 மேலும் ஏறி 5 வோல்டைத் தொடும். 2.2 வோல்டுக்கு மேலே ஏறியதெல்லாம் வீண் ஏற்றம். மறைப்பை எடுத்ததும் அது முழுவதும் இறங்கின பிறகுதான் எல்இடி குறைய ஆரம்பிக்கும். புள்ளி 1-க்கும் புள்ளி 2-க்கும் உள்ள பிழை 0.1 வோல்ட் என்றால், 10 மில்லிசெகண்ட் இன்டக்ரேட்டரில் கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். 330 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரடில் அதே இறக்கம் 9 நொடி.

வேகமான வகைக்கு எளிய தீர்வு இருக்கிறது. இன்டக்ரேட்டர் கெப்பாசிட்டரின் குறுக்கே இரண்டு 1என்4148 டயோடுகள் வரிசையாக, ஆனோடு வெளியீட்டுப் பக்கம். புள்ளி 3 இனி 2.8 வோல்ட் அளவில் நின்றுவிடும். ஒரே டயோடு போட்டால் ஏன் ஆகாது? எல்இடி வயதாகிப் புள்ளி 3 2.2 வோல்டை நெருங்கும்போது அந்த ஒரு டயோடில் 0.2 வோல்ட் நேர்த்திசை வரும். சில நூறு நானோஆம்பியர் கசியும். 100 கிலோ ஓமில் அது 1 சதவீதத்துக்கு மேல் பிழை. இரண்டு போட்டால் பத்தில் ஒன்றாகும். 1என்4148-இன் உடல் கண்ணாடி, அதுவும் ஒளிக்குப் பதில் சொல்லும். பலகை எல்இடிக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு துளி கறுப்புப் பெயிண்ட் வையுங்கள்.

மிச்சம் இருக்கும் நழுவல்

வளையம் மூடியபின் எல்இடியின் குறை போய்விடும். சென்சார் வழியில் இருப்பவற்றின் குறை அப்படியே ஒளிக்கு வந்துவிடும். அதனால் காசு செலவழிக்க வேண்டிய இடமும் மாறுகிறது. எல்இடி எதுவானாலும் சரி. முதல் ஆப்-ஆம்பின் 100 கிலோ ஓம் மட்டும் டிகிரிக்கு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) மெட்டல் ஃபிலிமாக இருக்க வேண்டும். 15 டிகிரிக்கு அது 0.075 சதவீதம் மாறும். அதே இடத்தில் டிகிரிக்கு 400 பிபிஎம் நழுவும் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர் 0.6 சதவீதம் மாறி, செய்த வேலையில் கணிசமான பங்கைக் கெடுக்கும். டிஎல்431 இந்த வரம்பில் 0.1 சதவீதம் என்று வைக்கலாம். ஆப்-ஆம்பின் ஆஃப்செட் 4.5 மில்லிவோல்ட் வரை இருக்கலாம். ஆனால் நிலையாக இருப்பதால் பிரீசெட்டில் அடங்கிவிடும். சூட்டோடு அது நகர்வது டிகிரிக்கு 2 மைக்ரோவோல்ட்தான். சிலிக்கான் டயோடின் உணர்திறன் பச்சை நிறத்தில் சூட்டுக்கு அதிகம் அசையாது. மாதிரிப் பக்கமும் அதே பிபிடபிள்யூ34 என்றால் இருவரும் சேர்ந்தே அசைவார்கள்.

எல்லாம் கூட்டி 0.25 சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் 0.0011 அப்சார்பன்ஸ், இரும்பில் 0.006 மில்லிகிராமுக்குள். முன்பு 0.08.

இந்தச் சுற்று தொடவே முடியாத ஒன்று நிறம். பச்சை எல்இடியின் அலைநீளம் மின்னோட்டம் ஏறும்போது நீலப் பக்கம் நகரும், சூடேறும்போது சிவப்புப் பக்கம் நகரும். வளையம் மின்னோட்டத்தை மாற்றித்தான் ஒளியைக் காப்பதால், ஒளி அளவு நின்றாலும் நிறம் கொஞ்சம் நகரும். பினாந்த்ரோலின் நிறப்பட்டை அகலமானது, இது பெரிதாகத் தெரியாது. குறுகிய பட்டையுள்ள சாயங்களை அளப்பவர்கள் எல்இடிக்கு முன் இன்டர்ஃபரன்ஸ் ஃபில்டர் வைத்து, ஸ்லைடை அதற்குப் பிறகு வைக்க வேண்டும். ஸ்லைடு முன்னால் இருந்தால் ஃபில்டர் வெட்டும் ஒளி வளையத்துக்குத் தெரியாமல் போகும்.

டிஜிட்டலில் செய்தால்

மேசை விளக்குக்கோ அறை விளக்குக்கோ பிஎச்1750 சென்சாரும் மைக்ரோகண்ட்ரோலரும் வசதி. அங்கே சறுக்குவது வேறு இடத்தில். உயர் துல்லிய முறையில் பிஎச்1750 ஒரு அளவு எடுக்க 120 மில்லிசெகண்ட், சில சமயம் 180 வரை ஆகும். நிரல் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படித்தால், ஒரே பழைய எண்ணைப் பன்னிரண்டு முறைக்கு மேல் கூட்டிக் கூட்டி எல்இடியை விரட்டும்; விளக்கு மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும். 200 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மட்டும் திருத்துங்கள். 8 பிட் பிடபிள்யூஎம்மில் (எல்இடியை வேகமாகப் போட்டு அணைத்துப் பிரகாசத்தை மாற்றும் முறை) மங்கலான பக்கம் 5-லிருந்து 6-க்குப் போவதே 20 சதவீதத் தாவல். கேட்ட அளவு நடுவில் இருந்தால் வளையம் இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். டைமரை 12 அல்லது 16 பிட்டுக்கு மாற்ற வேண்டும். முடியாவிட்டால் ஒரு படிக்குக் குறைவான பிழையைக் கண்டுகொள்ளாதபடி நிரலில் விட்டுவிட வேண்டும்.

எல்இடி மாற்றும் நாள்

நிறமானிக்குத் திரும்புவோம். எல்இடி வயதாக வயதாக அதே ஒளிக்கு அதிக மின்னோட்டம் கேட்கும். புள்ளி 3 மெல்ல ஏறும். முதல் நாள் அளவைத் தேதியோடு ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். சில நாளிலேயே ஏறியிருந்தால் எல்இடியைக் குற்றம் சொல்லும் முன் ஸ்லைடைத் துடையுங்கள். ஈரக் குவெட்டிலிருந்து எழும் ஆவி படிந்தால் கண்ணாடி திருப்பும் பங்கு மாறும். துடைத்த பின்னும் 2.1 வோல்டைத் தாண்டினால் எல்இடியை மாற்றும் நேரம். 2.2-க்கு மேல் வளையத்தின் கையில் மிச்சம் இல்லை.

புது எல்இடி போட்டதும் பிரீசெட்டைத் திருகக் கை துறுதுறுக்கும். தொடாதீர்கள். வளையம் பழைய அளவுக்குத் தானாக வரும்; 1.7 அருகே வராவிட்டால் எல்இடி ஹோல்டரில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அரை மணி சூடேற விட்டுப் புதிதாக பிளாங்க் எடுத்து, தெரிந்த அளவுள்ள இரும்புக் கரைசல் இரண்டை ஓட்டி, பழைய தரப்படுத்தும் கோட்டில் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் புது எல்இடியின் அலைநீளம் வேறு. தரப்படுத்தும் கோட்டை மறுபடி போட வேண்டும்.